எலி கடித்த சட்டி

கர்ர்க். கர்ர்க். இந்தா, மறுபடியும். கம்பை எடுத்துத் தரையில் ரெண்டு தட்டு தட்டினேன், நின்னுருச்சு. பயந்து நின்னதா நான் நினைக்கலை. இவ எவ்வளவு நேரம்தான் தட்டுவா, கை வலிச்சா விட்டுருவான்னு நின்னிருக்கு. எலிக்குப் பொறுமை உண்டு. எனக்குக் கிடையாது. பொறுமை இருந்தா பிளஸ் ஒன் பாதியில பள்ளிக்கூடத்தை விட்டிருப்பேனா, இந்த இருட்டு அறையில கம்பும் கையுமா உக்காந்திருப்பேனா. முளைப்பாரி வீடுன்னு பேரு. கோயிலை ஒட்டி ஒத்தை அறை. மத்த நாள்ல பந்தக்கால், குழல்விளக்கு, கூம்பு ஒலிபெருக்கி, கிழிஞ்ச தார்ப்பாய், எல்லாம் அடைஞ்சு கிடக்கும். எலிகளுக்கு அது வருசம் பூராவும் சொந்த வீடு. நாங்கதான் பங்குனி பிறந்தா வந்து, சாமானை ஒரு மூலையில ஒதுக்கி, சன்னலுக்குச் சாக்கு அடிச்சு, தெருவுல உள்ள அத்தனை வீட்டுச் சட்டியையும் வரிசையா வச்சு, இது அம்மன் வீடுன்னு சொல்லிக்கிட்டு உக்காந்திருக்கோம். எலி என்ன நினைக்கும்? வாடகைக்கு ஆள் வந்திருக்கு, சாப்பாடும் கொண்டு வந்திருக்குன்னு நினைக்கும். ஈர வைக்கோல் வாசம், ஆட்டுப்புழுக்கை வாசம், சாம்பிராணி. மூச்சு இழுத்தா பாதி மண்ணு உள்ள போற மாதிரி இருக்கு. ஒரே ஒரு அகல் விளக்கு. வெளிச்சமே படாம வளந்ததால பயிரெல்லாம் மஞ்சமஞ்சேர்னு, ஒல்லியா, ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சு நிக்குது. பாசிப்பயறு, தட்டாம்பயறு, மொச்சை, சோளம், கம்பு. அழகாத்தான் இருக்கு, இல்லைன்னு சொல்லலை. ஆனா இந்த மஞ்சள் புல்லைப் பாத்து ஒரு வீடு வாழுமா தாழுமான்னு ஊரே பேசும்னு நினைச்சா எனக்கு எந்திரிச்சு ஓடணும் போல இருக்கு. ஓட முடியாது. வெளியில பூட்டு. சாவி அம்மா இடுப்புல. அம்மாதான் இந்தத் தெருவுக்கு முளைப்பாரி போடுறவ, காப்பு கட்டின நாள்லருந்து தண்ணி தெளிக்கிறதும் புகை காட்டுறதும் அவ, அவளும் நானும் தவிர வேற யாரும் உள்ள வரக் கூடாது. இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும்தான். சாயங்காலம் எல்லாப் பொம்பளைகளும் கும்மி கொட்டிக்கிட்டு வந்து, கதவைத் திறந்து, அவுகவுக சட்டியைத் தலையில தூக்கிக்கிட்டுக் கோயிலுக்குப் போவாங்க. அதுக்குள்ள. அதுக்குள்ள மாத்திருன்னு அம்மா சொல்லிட்டுப் போயிட்டா.

எங்க வீட்டுச் சட்டியைத்தான் கடிச்சிருக்கு. இத்தனை சட்டி இருக்க, எங்க சட்டியை. காலையில அம்மா தண்ணி தெளிக்க வந்து பாத்தவ சத்தமே போடலை, அம்மாவா இது, பால் பொங்கினாலே கத்துறவ. ஒரு பக்கம் பூரா வழிச்சுப்போட்டிருந்தது. முடிவெட்டுற கடையில பாதி தலை ஓட்டின உடனே கரண்டு போனா எப்படி இருக்கும், அப்படி. நடுவுல தோண்டி மண்ணு வெளிய சிந்திக் கிடந்தது. சட்டிக் கழுத்துல அண்ணன் பொண்டாட்டி, மதினியோட கல்யாணப் புடவையில கிழிச்ச வெங்காயக் கலர் துணி. வீட்டுக்கு ஒரு துணி கட்டுறதுதான் அடையாளம், எது யார் சட்டின்னு அதை வச்சுத்தான் எடுப்பாங்க. அம்மா அந்தத் துணியைத் தொட்டா, விட்டா, மறுபடி தொட்டா. அப்புறம் வரிசையைப் பாத்தா. விளக்குப் பக்கம் திரும்பிக்கிட்டுத்தான் சொன்னா, என் மூஞ்சியைப் பாக்கலை. "வெள்ளைத்தாய் சட்டி நல்லா வந்திருக்கு பாரு." "ஆமா." "அவுத்து மாத்திக் கட்டிரு. அதை இங்க, இதை அங்க." "எதை?" "ஏண்டி, மூணாப்பு பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்லணுமா உனக்கு? துணியை!" "அது வெள்ளைத்தாய் அத்தையோட..." "அவளுக்குன்னு கேக்க யாரு இருக்கா? ஒத்தைக் கட்டை. உன் மதினிக்கு அப்படியா? உங்க பெரியத்தை வாயைத் திறந்துக்கிட்டு நிக்கிறா, தெரியுமா தெரியாதா உனக்கு?" தெரியும். எனக்குத் தெரியாம என்ன. பெரியத்தை, அப்பாவோட அக்கா, போன தீபாவளிக்கு வந்தப்ப மதினி கையால காப்பி வாங்கிக் குடிச்சிட்டு, டம்ளரைக் கீழ வைக்கிறதுக்குள்ள அண்ணன்கிட்ட, "உனக்கு வேற பாப்போம்டா, நம்ம வீட்டுலயே பொண்ணு இருக்கு"ன்னு சொன்னா. வேற பாப்போம்! சட்டையா அது, அளவு சேரலைன்னு வேற எடுக்க? மதினி அடுப்படியிலதான் நின்னுச்சு. காதுல விழுந்திருக்கும். அண்ணன் போனைப் பாத்துக்கிட்டு இருந்தான். அவனை அன்னைக்கே அடிச்சிருக்கணும்.

பெரியாஸ்பத்திரியிலருந்து மதினி ரெண்டாம் தடவை, அதுவும் வயித்துல தங்காம, திரும்பி வந்தது ஒரு ஷேர் ஆட்டோவுல. நான் வாசல்ல நின்னேன். மடியில ஒரு துணிக்கடைப் பையை வச்சு ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு இறங்குச்சு. அந்தப் பையில என்ன இருந்ததுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது, மாத்துப் புடவையாத்தான் இருக்கும். எனக்கு என்ன கேக்கறதுன்னு தெரியலை, "சாப்பிட்டீகளா மதினி"ன்னு கேட்டேன். "சாப்பிட்டேன்டா"ன்னுச்சு. என்னை 'டா' போட்டது அன்னைக்கு மட்டும்தான். அந்த மதினி இந்த வருசம் தானா வந்து அம்மாகிட்ட, "நம்ம வீட்டுச் சட்டியை என் பேருல போடுங்க அத்தை"ன்னு கேட்டுச்சு. இப்ப அந்தச் சட்டி பாதி மொட்டை. சாயங்காலம் அதைத் தலையில வச்சுத் தெருவுல நடந்தா பெரியத்தைக்கு வேற பேச்சே வேண்டாம். ஆத்தாளே காட்டிட்டாள்ல, இனி என்னன்னு கேப்பா. அண்ணன் போனைப் பாப்பான். சரி, அதனால மாத்தணும். மாத்துறது எவ்வளவு நேரம்? ஒரு முடிச்சு அவுக்க, இன்னொரு முடிச்சு அவுக்க. பூ கட்டுற நேரம்கூட ஆகாது. எந்திரிச்சேன். வெள்ளைத்தாய் அத்தை சட்டி சுவரோரம் நாலாவது. கட்டம் போட்ட நீல லுங்கித் துணி. மாமாவோட லுங்கி. கேரளாவுக்குக் கிணறு தோண்டப் போன மாமா, போன் வந்துக்கிட்டிருந்தது, அப்புறம் வரலை, அப்புறம் அந்த நம்பரை வேற யாரோ மலையாளத்துல எடுக்கிறான். மாமாவோட தம்பிங்க ரெண்டு பேரும் அண்ணன் செத்துட்டான், காரியம் பண்ணி முடிச்சிருவோம்ங்கிறாங்க. அவங்களுக்கு அண்ணன் மேல அழுகை இல்லை, அத்தை இருக்கிற வீட்டு மனை மேல கண்ணு. அத்தை மட்டும் தாலியைக் கழத்த மாட்டேன்னு நிக்குது. இந்தச் சட்டி பச்சைக்குழந்தைத் தலை மாதிரி மொழுமொழுன்னு வந்திருக்கு. இதுல கட்டியிருக்கிற லுங்கியை அவுத்து அந்த மொட்டைச் சட்டியில கட்டினா, சாயங்காலமே, பாத்தியா, அவன் இல்லைன்னு ஆத்தாளே சொல்லிட்டாள்னு ஊரே ஒரு வாயாச் சொல்லும். அத்தை கழுத்துல கைவைக்க அது போதும். முடிச்சைத் தொட்டேன். லுங்கி நூல் நைஞ்சு மெத்துனு இருந்தது. கையை எடுத்துட்டேன்.

இதுலதான் எனக்கு மாட்டிக்குது. எனக்கு இதெல்லாம் நம்பிக்கை இல்லை. கேளுங்க யார்கிட்ட வேணும்னாலும், நான் சத்தமாச் சொல்லித் திரியிறவ, புல்லு முளைச்சா புல்லு, முளைக்கலைன்னா விதை சொத்தைன்னு. நம்பிக்கை இல்லைன்னா மாத்துறதுல என்ன இருக்கு? புல்லுக்குப் புல்லு. மாத்திட்டுப் போக வேண்டியதுதானே. ஏன் கை வரலை? கை வரலைன்னா எனக்கும் உள்ள எங்கயோ நம்பிக்கை இருக்கு. இருந்தா, மாத்துறது ஆத்தா கண்ணுல மண்ணைத் தூவுறது, அப்ப மாத்தக் கூடாது. அதனால என்ன, நம்பினா மாத்தக் கூடாது, நம்பலைன்னா மாத்தலாம், நான் நம்பலை, ஆனா மாத்த முடியலை. கணக்கு டீச்சர் இப்படித்தான் ஒரு கணக்கைப் போட்டுட்டு, பலகை நிறைஞ்ச உடனே அழிச்சிட்டு, புரிஞ்சதான்னு கேப்பாங்க. புரியலை டீச்சர். நான் நம்புறது நம்பாதது யாருக்கு வேணும். நம்புறவங்க வெளிய இருக்காங்க. அவங்க வாய் நிஜம். பெரியத்தை வாய் நிஜம், மாமாவோட தம்பிங்க வாய் நிஜம். புல்லுக்கு ஒரு சக்தியும் வேண்டாம், அந்த வாய்களே போதும் ஒருத்தியைத் தெருவுல நிறுத்த. கர்ர்க். சனியனே. கம்பைத் தட்டினேன். இந்தத் தடவை நிக்கக்கூட இல்லை. தார்ப்பாய்க்கு அடியில எங்கயோ இருக்கு. ஒண்ணா ரெண்டான்னு தெரியலை. அடிச்சுப் போடலாம்னா அதுவும் கூடாது, காப்பு கட்டிட்டா திருவிழா முடியிற வரைக்கும் உசிரை எடுக்கக் கூடாது. அண்ணன் பசை அட்டை வாங்கிட்டு வந்தான், அம்மா அதை அவன் மூஞ்சியிலயே வீசினா. மிளகாய்ப் புகை போட்டாப் பயிர் கருகும். பூனையை உள்ள விட்டாத் தீட்டு. சட்டிகளைச் சுத்தி உடைமுள் வெட்டி அடைச்சோம், அது என் காலைத்தான் குத்துச்சு, எலி அது பாட்டுக்கு அடியில புகுந்து வந்திருக்கு. கடைசியில நான்தான் போன்ல பூனைச் சத்தம் தேடி எடுத்துச் சத்தமா வச்சேன். முதல் நாள் எலி ஓடுச்சு. ரெண்டாம் நாள் தெருவே ஓடி வந்துச்சு, அம்மன் வீட்டுக்குள்ள பூனை பூந்துருச்சுன்னு. அம்மா எனக்குத் தலையில ரெண்டு வச்சா. அதுலருந்து வெள்ளைத்தாய் அத்தை இந்தப் பக்கம் குடம் எடுத்துட்டுப் போறப்பல்லாம் கதவைத் தட்டுது.

இப்பவும் தட்டுச்சு. எனக்கு உசிரே போயிருச்சு, லுங்கி முடிச்சுக்கிட்ட நின்னுக்கிட்டிருந்தேன். "ஏ பூனைக்குட்டி! பால் ஊத்தவா?" "போங்கத்தை அங்கிட்டு." "என்னடி மருமகளே, குரலு உள்ள போயிருக்கு. எலி உன்னையும் தின்னுருச்சா?" "எலியும் இல்லை, ஒண்ணும் இல்லை." "சரிடி, கோவிக்காத. பள்ளிக்கூடத்துல ஒரு இடத்துல உக்கார மாட்டேன்னு ஓடியாந்தவளைப் பாரு, ஆத்தா எப்படி உக்கார வச்சுட்டா!" தானாச் சொல்லித் தானாச் சிரிச்சுச்சு. குடத்தை இடுப்புல மாத்துற சத்தம். போயிருச்சுன்னு நினைச்சேன். போகலை. கதவுக்கிட்ட வாயை வச்சு, மெதுவா, வேற குரல்ல, "ஏ நாகு. சட்டி எப்படி இருக்குன்னு கேக்கக் கூடாது, அது தெரியும். நான் கேக்கலை. நீயா ஒரு வார்த்தை சொல்லேன்." நான் அந்த நாலாவது சட்டியை விட்டு விளக்குப் பக்கம் நகந்துக்கிட்டேன். "சரி, சரி. கேக்கலைன்னு சொன்னேன்ல"ன்னு மறுபடி சிரிச்சுட்டுப் போச்சு. நாய் ஒண்ணு குலைச்சது. அங்கிட்டுக் கோயில்ல குழாய் ரேடியோவைக் கட்டி, அலோ அலோன்னு சரி பாக்கிறாங்க. எனக்கு அந்தச் சத்தம் கேட்டாலே பின் தெரு ஞாபகம் வருது. நான் எட்டாப்பு படிச்சப்ப பின் தெருவுல அம்மன் சட்டியே அழுகிப் போச்சு. வரிசைக்கு முன்னால, துணி கட்டாம, மஞ்சள் மட்டும் தடவி வைக்கிற சாமியோட சட்டி. தண்ணி கூடிப்போச்சோ என்னமோ. ஊரே கூடி, ஏதோ குறை வச்சுட்டோம்னு சொல்லி, இன்னொரு பொங்கல் வச்சு, இன்னும் ரெண்டு நாள் ரேடியோ கட்டி, எங்களைத் தூங்கவிடாம அடிச்சாங்க. அன்னைக்கு எந்த வீட்டுச் சட்டி நல்லாயிருந்துச்சு, எது நோஞ்சானா இருந்துச்சு, யாரும் திரும்பிக்கூடப் பாக்கலை. போடுறவளை மட்டும் திட்டினாங்க. நான் என்னத்துக்கு இப்ப இதை நினைக்கிறேன். விளக்குக்கு எண்ணெய் விட்டேன். போன் வெளிச்சத்துல எங்க சட்டியைக் குனிஞ்சு பாத்தேன். சிந்தின மண்ணுல ரோஸ் கலர்ல சருகு சருகா ஏதோ. எடுத்துப் பாத்தா, நிலக்கடலைத் தோல். முளைப்பாரிக்கு யாரு கடலை போடுவா? எலிக்கு வெத்தலைபாக்கு வச்சு அழைச்ச மாதிரியில்ல. அதான் இந்தச் சட்டி மட்டும்.

கதவு கீச்சுன்னுச்சு. பூட்டினாலும் ஒரு கை நுழையிற அளவுக்கு இடைவெளி விடும் அந்தக் கதவு. மதினியோட கைதான், வளையலைப் பாத்தாலே தெரியும். ஒரு தாள் பொட்டலம். "நாகு, அவிச்ச கடலை. மதியம் சோறு சாப்பிடலைல நீ." சூடா இருந்துச்சு. நான் பொட்டலத்தைப் பிடிச்சுக்கிட்டே, "மதினி, நம்ம சட்டியில கடலை போட்டீகளா"ன்னேன். கை அப்படியே நின்னுருச்சு. "கொஞ்சூண்டு. அத்தைகிட்ட தானியத்தைக் கொடுக்கிறப்ப உள்ள கலந்துட்டேன். கடலை போட்டாப் பொதபொதன்னு வரும்னு ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில்காரம்மா சொன்னாங்க. ஏன், வரலையா?" என்ன கேட்டாலும் நல்லா இருக்குன்னு சொல்லணும்னு அம்மா சொல்லியிருந்தா. எனக்கு வாயில பொய் நிக்காது, அதுதான் என் வியாதி. "எலி தின்னுருச்சு மதினி. பாதி." வளையல் சத்தம் மட்டும் கேட்டுச்சு. அழுதா நல்லா இருந்திருக்கும், அழலை. "அத்தைக்குத் தெரியுமா?" "தெரியும். அம்மாதான் வெள்ளைத்தாய் அத்தை சட்டியோட மாத்தச் சொல்லிட்டுப் போயிருக்கா." சொன்ன உடனே, அடச்சீ, இதை ஏன் சொன்னேன்னு நாக்கைக் கடிச்சேன். ஒருவேளை மதினி, அய்யய்யோ, வேண்டாம்னு சொல்லும், அப்ப நான் செய்ய வேண்டாம், பாரம் இறங்கிரும்னு நினைச்சுத்தான் சொல்லியிருப்பேன். கை உள்ள வந்து என் மணிக்கட்டைப் பிடிச்சுச்சு. இவ்வளவு இறுக்கமா மதினி எதையும் பிடிச்சு நான் பாத்ததில்லை. அந்தப் பையைத் தவிர. "மாத்திரு நாகு." "மதினி..." "மாத்திருடி. உன்னைக் கும்பிடுறேன். எங்கம்மா வீட்டுல எனக்கு இடம் இல்லைடி. வெள்ளைத்தாயக்கா என்னமோ தாங்கிக்கிருவாக, அவுகளுக்குப் பழக்கம்." அவுகளுக்குப் பழக்கம்! கை வெளிய போயிருச்சு. செருப்புச் சத்தம் வேகமாப் போச்சு. மணிக்கட்டுல வளையல் தடம் பதிஞ்சிருந்துச்சு.

சரி, மாத்திருவோம். அம்மா சொல்லியாச்சு, மதினி கும்பிட்டாச்சு, இனி எனக்கென்ன. போய் உக்காந்து வெங்காயக் கலர் முடிச்சை அவுத்தேன். அவுத்து மடியில வச்சேன். நீல லுங்கியை அவுக்கப் போனேன். பூனைக்குட்டி, பால் ஊத்தவா? திரும்பி வந்து வெங்காயக் கலரைப் பழையபடி கட்டினேன். எங்கம்மா வீட்டுல எனக்கு இடம் இல்லைடி. மறுபடி அவுத்தேன். கைவிரல்ல வேர்வை, முடிச்சு வழுக்குது. ரெண்டு பேரும் ஒரே குழாய்ல தண்ணி பிடிக்கிறவங்க, ஒருத்தி குடத்தை ஒருத்தி தூக்கிவிடுவாங்க, அவங்கள்ல யாரைத் தள்ளுறதுன்னு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடி வந்தவகிட்ட கொடுத்துட்டுப் போயிட்டாங்க. தூரத்துல கொட்டு ஆரம்பிச்சிருச்சு. கும்மி. குலவைச் சத்தம் ஒண்ணு எழும்பி அடங்குச்சு. மேலத் தெருவைச் சுத்திட்டுத்தான் வருவாங்க, ஆனா வந்துருவாங்க. வெங்காயக் கலர் துணியை எங்க சட்டியிலயே இறுக்கிக் கட்டினேன், ரெண்டு முடிச்சு. கட்டிட்டு நிமிந்தா எதுக்க அம்மன் சட்டி. எல்லாச் சட்டிக்கும் முன்னால, மஞ்சள் தடவி, துணி இல்லாம, பேர் இல்லாம. வாட்டமே இல்லாம நின்னுச்சு. என்ன நினைக்கிறேன்னு எனக்கே தெரிஞ்சதுக்கு அப்புறமும் கொஞ்ச நேரம் தெரியாத மாதிரி உக்காந்திருந்தேன். பின் தெருவுல மாதிரி, வீட்டுச் சட்டி பக்கம் யாரும் திரும்ப மாட்டாங்க, போடுற அம்மாவைத்தான் திட்டுவாங்க. இத்தனை வருசம் போட்டவ, இனிமே யாரும் அவகிட்ட சட்டி கொடுக்க மாட்டாங்க. காவலுக்கு வச்சவ தூங்கிட்டான்னு என்னையும் சொல்லுவாங்க, சொல்லட்டும். கண்ணு போயிரும், அம்மை போட்டுரும், அதெல்லாம் சின்ன வயசுல சொன்னது எல்லாம் வரிசையா ஞாபகம் வந்துச்சு, நம்பிக்கை இல்லாதவளுக்கு எவ்வளவு ஞாபகம்! பொட்டலத்தைப் பிரிச்சேன். அம்மன் சட்டியில, மொச்சைக்கு நடுவுல, விரலால குழி பண்ணி ஒவ்வொரு கடலையா வச்சேன். மேலயும் நாலைஞ்சு தூவினேன். சுத்தி இருந்த முள்ளை இழுத்து ஒதுக்கினேன், கட்டைவிரல்ல கிழிச்சிருச்சு. ஆத்தா, கோவிச்சுக்காத. கோவிச்சுக்கிட்டாலும் சரி. உன்னை யாரும் அம்மா வீட்டுக்குப் போடின்னு சொல்ல மாட்டாங்க. உன் கழுத்துல எவனும் கை வைக்க மாட்டான். நீ தாங்குவ.

சுவருல சாஞ்சு உக்காந்தேன். கொட்டுச் சத்தம் திரும்பி, பால் பண்ணைப் பக்கம் கேட்டுச்சு. தார்ப்பாய் அசைஞ்சது. மூக்கு முதல்ல வந்துச்சு, மீசை விளக்கு வெளிச்சத்துல மினுக்குச்சு. என்னைப் பாத்துச்சு. எவ்வளவு சின்ன உருப்படி, இதுக்கா இவ்வளவும். அதுக்குப் பின்னால இன்னொண்ணு. நான் மூச்சு விடலை. முதலாவது ஓடி வந்து அம்மன் சட்டி விளிம்புல ஏறி, முன்னங்கால் ரெண்டையும் மண்ணுல வச்சுத் தோண்டுச்சு. மஞ்சள் பயிர் ஒரு பக்கமா ஆடிச்சு. கர்ர்க். கர்ர்க். கும்மி எங்க தெருவுக்குள்ள திரும்பியாச்சு, கூட்டத்துல எல்லாருக்கும் முன்னால வெள்ளைத்தாய் அத்தை குலவைதான் கேக்குது, வேற யாருக்கும் அவ்வளவு நீளம் வராது. எலி சத்தம் கேட்டாக் கண்ணை மூடிக்கிட்டுத் தட்டணும்னு அம்மா சொல்லித்தான் அந்தக் கம்பைக் கையில கொடுத்தா. கம்பு மடியில கிடந்துச்சு. நான் தட்டலை.